கரையும் வரை

பெரிய ஆஸ்பத்திரி, ஐந்தாம் மாடி,
சன்னல் ஓரக் கட்டில்.
ஞானாதிக்கம் அண்ணன் வாயைத் திறந்தார்.
அப்பத்தில் கால் துண்டு, நகத்தளவுதான்.
"கிறிஸ்துவின் திருவுடல்" என்றேன்.
ஆமென் வரவில்லை.
கண் ஒருமுறை மூடித் திறந்தது.

தொண்டை மறுத்துவிட்டது.
இருமலோடு என் உள்ளங்கையில் வந்து விழுந்தார்
எச்சிலும் இழையளவு இரத்தமுமாய்
ஆண்டவர்.

மிஸி டிஷ்யூவை நீட்டினாள்.
குப்பைத் தொட்டியைக் காலால் மிதித்துத் திறந்து
காத்து நின்றாள், அன்பாகத்தான்.
எந்த மலாய்ச் சொல்லில் அவளுக்குச் சொல்வது?
கையை மூடிக்கொண்டேன்.

பயிற்சி நாளில் ஃபாதர் எட்வின் சொல்லியிருக்கிறார்:
அப்படி நேர்ந்தால் தண்ணீரில் போட்டு வை.
அப்பத்தின் உரு இருக்கும்வரை அவர் இருக்கிறார்.
கரைந்தபின் மண்ணில் ஊற்று.
எழுதிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன்,
பரீட்சைக்கு வராத பாடம் போல.

ஜெலுத்தோங் வரை பேருந்தில் நின்றே வந்தேன்.
இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.
பைக்குள் சிமிழ், சிமிழுக்குள் துணி,
துணிக்குள்
யாரும் பசியாறாத உணவு.

வீட்டில் இருந்த நல்ல குவளை
மைலோ டின்னோடு இலவசமாய் வந்தது.
அதில் தண்ணீர் ஊற்றி இட்டேன்.
மிதந்தது.

வீட்டுக்காரர் பூப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
நெற்றியில் காலையில் பூசிய திருநீறு மிச்சம்.
"சாமியா இது?"
"ஆமா."
சத்தத்தைக் குறைத்தார், படத்தை அணைக்கவில்லை.
பிறகு எழுந்து வந்து,
"அடுப்புப் பக்கத்துல வேணாம், மேல வை" என்று
தானே அலமாரியின் உச்சித் தட்டை ஒழித்துக் கொடுத்தார்.

பாயான் லெப்பாஸில் பதினாறு வருடமாய் எனக்கு
நுண்ணோக்கிதான் வேலை.
சில்லின் மேல் மயிரிழைக் கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவேன்.
இது நல்லது, இது கழிவு. இரண்டு தட்டு.
அன்றிரவு நாற்காலி போட்டு ஏறி
அதே கண்ணைக் குவளையில் வைத்தேன்.
விளிம்பு பஞ்சாகியிருந்தது.
சிவப்பு இழை தனியே பிரிந்து
அடியில் படிந்தது.
அது அண்ணனுடைய இரத்தம், தெரியும்.
தெரியும் என்று சொன்னபின்
நாற்காலியிலிருந்து இறங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் இரவும் ஒரு நார் இருந்தது.
இருக்கிறார்.
சோறு வடித்தேன், துணி உலர்த்தினேன்,
மின்கட்டணத்துக்காக அவரோடு சண்டை போட்டேன்,
தணிந்த குரலில்.

மூன்று மணிக்குத் தொலைபேசி. ஜெசிந்தா.
"அப்பா போயிட்டாங்க அக்கா.
கடைசியா நன்மை வாங்கினாங்களா?"

"வாங்கினாரு."

பொய்யா என்று உச்சித் தட்டைப் பார்த்தேன்.
நாக்கில் எத்தனை நொடி இருந்தார்?
எண்ணியது யார்?
ஏற்றுக்கொண்டது அவர்.
வைத்துக்கொள்ள முடியாமல் போனது உடம்பு.
அவர் உடம்பின் பாரத்தை எனக்குக் கொடுத்தார், அவ்வளவே.

விடியும்போது தண்ணீர்தான் இருந்தது.
லேசாய்க் கலங்கிய வெறும் தண்ணீர்.
எந்த நிமிடத்தில் என்று
பதினாறு வருடக் கண்ணுக்கும் பிடிபடவில்லை.
ஜெசிந்தாவும் அதையேதான் சொன்னாள்:
பக்கத்துலதான் இருந்தேன் அக்கா,
எப்போன்னு தெரியல.

பதினோராம் மாடியில் ஏது மண்?
குவளையை இரு கையால் ஏந்தி லிஃப்டில் இறங்கினேன்.
எட்டாம் மாடியில் ஏறிய பெண்
"பசியாறியாச்சாக்கா?" என்றாள்.
தலையசைத்தேன், ஆமென்றா இல்லையென்றா,
அவளும் கேட்கவில்லை.

கார் நிறுத்தத்தின் ஓரம், அங்சானா மரத்தடியில் ஊற்றினேன்.
வேர் ஈரமானது. எறும்புகள் விலகி, திரும்பி வந்தன.

மேலே வந்து குவளையை அலசி
அலசிய நீரைக் குடித்தேன்.
இன்னொரு முறையும் அலசிக் குடித்தேன்.
பாத்திரச் சோப்பின் எலுமிச்சை வாசம்.
வேலைக்கு நேரமாகிவிட்டது.